வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்

அத்தியாயம் 14

அர்மான் லெவெக் ஒரு கிழங்கின் வயிற்றில் தெர்மாமீட்டரைக் குத்திவிட்டு, அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு தன் வயலோரத்தில் குந்தியிருந்தார்.

குளிரில் தோண்டினால் உருளைக்கிழங்கு கன்றிப்போகும். வெளியே தோல் நன்றாகத்தான் இருக்கும். கிடங்கில் ஒரு மாதம் கிடந்த பிறகு வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுத்திருக்கும். அதனால் மண் குளிர் விடும்வரை யாரும் கிழங்கு தோண்டும் மெஷினைத் தொடக் கூடாது. வேலைக்கு வந்தவர்கள் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, மூச்சு புகையாக வர, காத்து நின்றார்கள்.

எலோடிக்கு மட்டும் குளிரவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில், மண் படாமல் இருக்க பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்த போன். அதில் ஆல்டன்வுட் கல்லூரியின் பக்கம் திறந்தபடி இருந்தது. பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடம். ஆனாலும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அடியே, முட்டையா வெச்சிருக்க அங்க? அடிக்கடி தடவிப் பாக்கற" என்றாள் அவள் அம்மா நொயெல்லா.

மூன்று நாளாக எலோடியின் வீட்டில், அதாவது சீர் குடும்பத்தில், அந்தக் கல்லூரிப் பேச்சுதான். சாதாரணமாகப் பிள்ளைகள் ஜனவரியில் ஏழெட்டுக் கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டு, யார் எவ்வளவு உதவி தருகிறார்கள் என்று வசந்தத்தில் பார்த்து, அதில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பார்கள். எலோடி கேட்டது வேறு ரகம். நவம்பர் பிறக்கும்போதே, "எனக்கு நீங்கள்தான், வேறு யாரும் வேண்டாம்" என்று ஒரே ஒரு கல்லூரிக்கு எழுதிக் கொடுப்பது. இடம் கிடைத்தால் போயே தீர வேண்டும். வேறு எங்கும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும், பெற்றவர் போட வேண்டும், பள்ளி ஆலோசகரும் போட வேண்டும். அப்படி வருகிறவர்களுக்குக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும் என்று ஆலோசகர் மிஸஸ் கோட்ரோ சொல்லியிருந்தார்.

அப்பாவுக்குப் பிடிக்காத ஒன்றையும் மிஸஸ் கோட்ரோ சொல்லித் தொலைத்திருந்தார். கல்லூரி தருகிற உதவித்தொகை போதவில்லையென்றால், அதைக் காட்டி விலகிக்கொள்ளலாம், கல்லூரியே விட்டுவிடும். நல்ல செய்தி என்று நினைத்து எலோடி இதை வீட்டில் ஓடி வந்து சொன்னாள். அப்பா ரெயால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தவர்தான். கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இன்றைக்கு முடிவு தெரிந்தாக வேண்டும். அறுவடைக்காக மூடிய பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறக்கிறது. அதற்குள் உறுதியாகச் சொன்னால் எலோடியின் பரிந்துரையை முதலில் எழுதுவதாக ஆலோசகர் சொல்லியிருந்தார். அப்பாவோ நாளைக் காலையில் லாரியிலிருந்து கிழங்குப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, மரம் ஏற்றக் காட்டுக்குப் போகிறார். போனால் அங்கே போன் எடுக்காது. எப்போது திரும்புவார் என்பது மரத்துக்கும் மழைக்கும்தான் தெரியும்.

அர்மான் தெர்மாமீட்டரை உருவிப் பார்த்துவிட்டு எழுந்தார். ஊரில் சின்னவர்கள் எல்லாருக்கும் அவர் மோனோங்க் அர்மான். இந்த ஊர் பிரெஞ்சில் மாமா என்று அர்த்தம், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"ஏறுங்க" என்றார். "ராத்திரி கல்லா உறையப் போவுதாம். இருட்டறதுக்குள்ள ஒரு கிழங்கு மண்ணுல இருக்கக் கூடாது."

மெஷின் உறுமியது.

டிராக்டர் இழுக்க, மெஷின் மண்ணுக்குள் நாக்கை விட்டு வரிசையைத் தூக்கியது. மண்ணும் கொடியும் கல்லும் கிழங்கும் ஒன்றாக பெல்ட்டில் ஏறி வந்தன. பெல்ட்டின் இருபக்கமும் நிற்கிறவர்களின் வேலை கிழங்கைத் தொடுவதல்ல. கிழங்கு அல்லாத எல்லாவற்றையும் பொறுக்கி எறிவது. எலோடி பதின்மூன்று வயதிலிருந்து கல் பொறுக்குகிறாள். ஒவ்வொரு வருடமும் பொறுக்கி எறிந்த பிறகும் அடுத்த வருடம் அதே வயலில் புதுக் கற்கள் மேலே வந்து கிடக்கும். எங்கிருந்து வருகின்றன என்று அவள் கேட்டபோது, பிசாசு போடுகிறது என்றார் பக்கத்தில் நின்ற ஃபெர்னான். குளிரில் மண் உறைந்து உப்பும்போது ஆழத்தில் கிடக்கும் கல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது என்பதை அவளாகப் படித்துத் தெரிந்துகொண்டாள். அந்தக் கல் அந்த ஆழத்துக்கு எப்படி வந்தது என்று அதற்கு மேல் படித்தாள். அதிலிருந்து அந்தப் பித்து விடவில்லை.

போன வசந்தத்தில் பள்ளியிலிருந்து மசாசூசெட்ஸுக்கு அழைத்துப் போனபோது ஆல்டன்வுட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு நீண்ட அறை, சுவர் முழுக்க இழுப்பறைகள், இழுத்தால் கற்கள். ஒரு பேராசிரியை அவள் கையில் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்து இது எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டார். எலோடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கீறல் எல்லாம் ஒரே பக்கமாகப் போகிறது, பனிப்பாறை இழுத்து வந்ததாக இருக்கும், எங்கள் வயலிலும் இப்படி உண்டு என்றாள். பேராசிரியை சிரிக்கவில்லை. உட்கார், எந்த வயல் என்று சொல் என்றார். ஒரு மணி நேரம் பேசினார்கள். பேருந்து அவளை விட்டுவிட்டுப் போகப் பார்த்தது.

வேறு கல்லூரிகளின் பெயரைக் கேட்டாலே அவளுக்கு அதன் பிறகு கொட்டாவி வந்தது.

"கல்லைப் பொறுக்க வேண்டாம்னு படிக்க வெச்சா, கல்லைப் பொறுக்கவே படிக்கப் போறாளாம்" என்று ஃபெர்னான் பெல்ட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். எலோடியும்தான்.

லாரி பக்கத்திலேயே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் அப்பாவின் முகம் நேராகப் பார்த்தபடி. மெஷினின் கை லாரிப் பெட்டிக்குள் கிழங்கைக் கொட்டிக்கொண்டே இருக்க, மெஷினும் லாரியும் ஒரே வேகத்தில் போக வேண்டும். ஓரடி முந்தினால் கிழங்கு தரையில். ரெயால் சீர் வண்டி ஓட்டினால் தரையில் விழாது என்பது ஊருக்கே தெரியும்.

எலோடி அம்மாவின் காதருகே குனிந்து, நீயே கையெழுத்துப் போட்டுவிடேன், ஒரு பெற்றவர் போட்டால் போதும் என்று கேட்டாள். இதை அவள் நேற்றே கேட்பாள் என்று நொயெல்லா எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. பதில் தயாராக இருந்தது.

"போடலாம். நீ கிளம்பிப் போயிடுவ. இந்த மனுஷனோட இங்க இருக்கப்போறது நான்தான்." ஒரு மண்கட்டியைத் தூக்கி எறிந்தாள். "நான் பேசினா சண்டையாகும். நீ பேசினா வழக்காகும். வழக்குன்னா ஜெயிக்க வழியிருக்கு. மத்தியானம் சாப்பாட்டுல போய்ப் பேசு."

மத்தியானம் லாரியின் படிக்கட்டில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். பன்றிக்கறி விழுது தடவிச் சுருட்டிய ப்ளோய் அப்பம், பிளாஸ்க்கில் காபி. ரெயால் முதல் அப்பத்தை முடிக்கும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. பசியோடு இருக்கும் அப்பாவிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம்.

பிறகு கேட்டாள். இந்த முறை பதில் வந்தது.

"ஆகஸ்ட்ல ஒருத்தருக்கு அறுவடைக்கு வர்றேன்னு கை குடுத்தா, கடைசி வரிசை வரைக்கும் அவர் வயல்தான்" என்றார். "பக்கத்து வயல்காரன் ரெண்டு மடங்கு தர்றேன்னாலும் போறதில்ல. நீயும் அப்படித்தானே நின்ன இத்தனை வருஷம்?"

"இது வயல் இல்லப்பா."

"கை அதே கைதான்."

நீங்கள்தான் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பணம் பத்தவில்லை என்று டிசம்பரில் திரும்பி வருவதா? பின்னால் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொடுக்கிற வாக்கு வாக்கே இல்லை என்றார். படிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஜனவரியில் எத்தனை கல்லூரிக்கு வேண்டுமானாலும் எழுதட்டும், அதில் யாருக்கும் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. அதற்குத் தடை இல்லை.

"ஜனவரியில கூட்டம் ஜாஸ்திப்பா. எனக்குக் கிடைக்காமப் போயிடும்."

ரெயால் காபியை ஊதினார். வெகு நேரம் ஊதினார்.

"அப்ப இப்பவே போடு. நானும் போடறேன்" என்றார். "ஆனா போட்டா நீ போற. அவங்க குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. பத்தலேன்னா லாரி இருக்கு."

எலோடிக்கு முதலில் புரியவில்லை. லாரியை விற்பேன் என்கிறார் என்று புரிந்ததும் கையிலிருந்த அப்பத்தைக் கீழே வைத்தாள்.

அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. அந்த லாரிக்கதவில் "ஆர். சீர்" என்று அவரே பெயின்ட் அடித்து எழுதியிருந்தார், சி வளைவு சரியில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அறுவடையில் கிழங்கும் மற்ற மாதங்களில் மரமும் அதில்தான் போயின. லாரி இல்லாத அப்பா என்றால் வேறொருவன் லாரியில் ஏறி வேறொருவன் சொல்கிற நேரத்துக்கு ஓட்டுகிற அப்பா. ஐம்பத்திரண்டு வயதில்.

கையெழுத்து வேண்டும் என்றுதானே கேட்டாள். கையெழுத்து இதோ கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் அதை எடுத்தால் எதோடு சேர்ந்து வரும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

"அப்ப நான் போடலப்பா" என்றாள்.

அவர் சண்டையை எதிர்பார்த்திருந்தார். இதை எதிர்பார்க்கவில்லை. இன்னொரு அப்பத்தைக் கையில் எடுத்தவர், அதைத் திரும்ப டப்பாவிலேயே வைத்து மூடினார்.

மெஷின் மறுபடி ஓடியபோது எலோடி அம்மாவின் கண்ணைத் தவிர்த்துக்கொண்டு பெல்ட்டில் குனிந்து நின்றாள். சட்டைப் பையைத் தொடவில்லை. வரிசைகள் குறைந்துகொண்டே வந்தன. இன்னும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று ஃபெர்னான் சொன்னார். மற்ற வருடமாக இருந்தால் இந்த நேரத்துக்கு பெல்ட்டில் பாட்டு தொடங்கியிருக்கும்.

அப்போது ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து சாலையோரம் நின்றது. லியோன் கோட்ரோ இறங்கினார். ஆலோசகர் மிஸஸ் கோட்ரோவின் புருஷன், ஆற்றோரம் நிலம். அவருடைய மெஷினில் சங்கிலி அறுந்து இரண்டு நாள் நின்றுபோனதும், ஆட்களில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டதும் எல்லாருக்கும் தெரியும். இன்னும் பெரிய துண்டு நிலம் தோண்டாமல் கிடக்கிறது. ராத்திரி உறைபனி.

அவர் எதுவும் கேட்கவில்லை. வரிசை முடிகிற இடத்துக்கு நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றாமல், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

இன்னொருவர் வயலில் நிற்கிற ஆட்களை வாய் திறந்து கேட்பது இந்தப் பக்கத்தில் கிடையாது. கேட்டால் திருட்டுக்குச் சமம். வந்து நிற்கலாம், அவ்வளவுதான். மற்றது வயல்காரர் பாடு. மூக்கு சிவந்து, முழங்கால்வரை மண்ணோடு, ஐம்பது ஏக்கர்காரர் ஒருவர் அப்படி நிற்பதைப் பார்க்க யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஒருவரும் பெல்ட்டை விட்டு நகரவில்லை. அவர்கள் அர்மானுக்குக் கை கொடுத்தவர்கள்.

அர்மான் டிராக்டரை நிறுத்தினார். மெஷினும் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் காது அடைத்தது.

அர்மான் இறங்கி, மிச்சமிருக்கிற வரிசைகளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். லியோனைப் பார்க்கவில்லை, பார்த்தால் அவரைக் கேட்கவைத்தது போலாகிவிடும். வலது கையுறையைக் கழற்றினார். இடது கையுறையைக் கழற்றினார். இரண்டையும் டிராக்டரின் முன்மூடி மேல் வைத்தார்.

வயல்காரர் தன் ஆட்களை வாக்கிலிருந்து விடுவிக்கிற முறை இது என்று எலோடி கேள்விப்பட்டதுண்டு. பார்த்ததில்லை.

"நொயெல்லாவும் ஃபெர்னானும் எங்கூட இருக்கட்டும். என் பேரனோட சின்ன லாரி இருக்கு, அது போதும்" என்றார் அர்மான். "மத்த எல்லாரும் போங்க. நான் விட்டுட்டேன்."

லியோன் தலையை மட்டும் அசைத்தார். ஆட்கள் மடமடவென்று குதித்து இறங்கி பிக்கப்பை நோக்கி ஓடினார்கள். ரெயால் லாரியைத் திருப்பத் தொடங்கினார்.

எலோடி அசையாமல் நின்றாள். கையில் ஒரு கல் இருந்தது. அதை எறிய மறந்துவிட்டாள். டிராக்டர் மூடி மேல் கிடந்த அந்த இரண்டு கையுறைகளையே பார்த்தாள்.

"அம்மா" என்றாள். "விட்டுட்டேன்னு அவரே சொல்றாரு. கேட்டியா?"

"கேட்டுச்சு. அதுக்கென்ன?"

"அப்ப நாம யாரும் வாக்கு மீறல."

நொயெல்லா மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓடத் தொடங்கியிருந்த லாரியைப் பார்த்தாள். அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அது போதுமாக இருந்தது.

"என் மூஞ்சிய என்ன பாக்கற? ஓடு" என்றாள்.

எலோடி உழுது புரண்ட மண்ணில் விழுந்து எழுந்து ஓடி, ஓடுகிற லாரியின் படியில் ஏறி, கதவைத் திறந்து அப்பாவின் பக்கத்தில் விழுந்தாள். இப்படி ஏறினால் காலை உடைப்பேன் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த அப்பா, அதை இன்னொரு தரம் சொன்னார்.

அவள் காதிலேயே வாங்கவில்லை.

"அப்பா, இப்ப நாம கோட்ரோ வயலுக்குப் போறோமே, அர்மானுக்குக் குடுத்த வாக்கை மீறிட்டமா?"

"பைத்தியமா உனக்கு? அவரே விட்டாரு."

"யாருக்கு வாக்குக் குடுத்தமோ அவங்களே விட்டா அது மீறினதாகாது."

"ஆகாது."

"ஆல்டன்வுட் அதையேதான்பா சொல்றாங்க. நான் பின்கதவு வெச்சுக்கல. கதவு அவங்க வீட்டுக் கதவு. பணம் பத்தலேன்னா கையுறையக் கழட்டி வெக்கறது அவங்கதான்."

ரெயால் கியரை மாற்றினார். லாரி சாலையில் ஏறியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் மலைகள் மேல் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அவர் தாடை அசைந்தது. எதையோ மெல்லுகிறவர் மாதிரி.

எலோடி அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா மறுக்கவில்லை. மறுப்பதாக இருந்தால் இதற்குள் மறுத்திருப்பார். அவள் சொன்னதில் ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறார்.

கண்டுபிடித்துவிட்டார்.

"லியோன் நேர்ல வந்து நின்னாரு" என்றார். "அர்மான் அவர் நிக்கறதைப் பாத்துட்டு விட்டாரு. அந்தக் காலேஜு யாரைப் பாத்து விடும்? நீ ஒரு தாள் அனுப்புவ. அவங்க ஒரு தாள் அனுப்புவாங்க."

வழக்கு இங்கே கைநழுவுகிறது என்று எலோடிக்குப் பட்டது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அப்ப நேர்லயே போய் நிக்கறேன்."

ரெயால் திரும்பி அவளைப் பார்த்தார். இன்று முதல் முறையாகச் சாலையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"மசாசூசெட்ஸ் வரைக்கும்?"

"பத்தலேன்னா போய் அவங்க ஆபீஸ்ல நிப்பேன். இவ்வளவுதான் எங்களால முடியும், இதுக்கு மேல முடியல, என்னை விடுங்கன்னு என் வாயால கேப்பேன். தாள் அனுப்ப மாட்டேன்."

"தனியா போவியா?"

"தனியாத்தான்."

"தனியா எதுக்கு?" என்றார் ரெயால். "நான் எதுக்கு இருக்கேன்?"

ரெயால் கோட்ரோ வயலை நோக்கி வண்டியை விட்டார். எலோடிக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது.

கோட்ரோ வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தது மிஸஸ் கோட்ரோ. பள்ளிக்கூடத்தில் மடிப்புக் கலையாத கோட்டும் கழுத்தில் பட்டுத் துணியுமாக இருக்கிறவர். இப்போது புருஷனின் தொளதொள சட்டையில், கன்னத்தில் எண்ணெய்க் கறையோடு இருந்தார். அறுவடையில் ஊரில் யாரும் மிச்சமில்லை, ஆலோசகரும் விதிவிலக்கல்ல.

ரெயால் லாரியை மெஷினுக்குப் பக்கத்தில் அணைத்து நிறுத்தினார். உடனே வேலையைத் தொடங்கவில்லை. இறங்கி டிராக்டரிடம் போய், மேலே பார்த்து, பணம் பத்தாவிட்டால் விலகலாம் என்கிற அந்த வரியைப் படித்துக் காட்டச் சொன்னார். எந்த வரி என்று மிஸஸ் கோட்ரோ கேட்கவில்லை. அழுக்குக் கட்டைவிரலால் போனைத் தள்ளித் தேடிப் படித்தார். ரெயால் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். விடுவது யார், அவர்களா நாங்களா என்று கேட்டார். அவர்கள்தான் என்றார் மிஸஸ் கோட்ரோ. காரணம் சொல்லிக் கேட்கலாம், விடுவது கல்லூரியின் கையில்.

நேரில் போய்க் கேட்டால் உள்ளே விடுவார்களா என்று ரெயால் கேட்டார்.

மிஸஸ் கோட்ரோ பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறவர். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"விடாம என்ன செய்வாங்க, ரெயால்?" என்றார் கடைசியில்.

ரெயால் மகளைக் கூப்பிட்டார். பிளாஸ்டிக் பையிலிருந்து போன் வெளியே வந்தது. எலோடி முதலில் தன் பெயரை அடித்தாள்; அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். பிறகு அவரிடம் நீட்டினாள். பெயரைத் தட்டினால் கையெழுத்தாகிவிடுமா என்று அவருக்குச் சந்தேகம். ஆகும் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். போன் திரையில் மண் கோடு விழுந்தது.

"லாரி?" என்றாள் எலோடி, மெல்ல.

"லாரி மரம் ஏத்தப் போவுது. நாளைக்கு" என்றார் அவர். "போ. பெல்ட்ல ஏறு. இவங்க கிழங்கு உறையப் போவுது, நீ இங்க நின்னுகிட்டு."

அவள் பெல்ட்டுக்கு ஓடவில்லை, பறந்தாள். கட்டுரை இன்னும் பாதிதான் எழுதியிருக்கிறாள். முடிவு தெரிய டிசம்பர் ஆகும். கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதெல்லாம் இருக்கட்டும். "நீங்கள்தான்" என்று சொல்லியாகிவிட்டது. அப்பாவும் கூட நின்று சொல்லிவிட்டார். ஏறியதும் வந்த முதல் கல்லை இரண்டு கையாலும் தூக்கி வீசினாள். அது வயலோர வாய்க்காலைத் தாண்டிப் போய் விழுந்தது.

பெல்ட்டின் எதிர்ப்பக்கம் கோட்ரோவின் ஒரே மகள் கொரின் நின்றிருந்தாள். எலோடியின் வகுப்புதான். காலையிலிருந்து நான்கு பேர் வேலையைத் தனியாகச் செய்ததில் உதடு வெளுத்திருந்தது. இந்த நிலமெல்லாம் ஒருநாள் அவளுக்குத்தான். அவளும் அதற்குத் தகுந்த மாதிரி அதிகம் பேசாத பெண். அவளுக்கு மேற்படிப்பெல்லாம் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாயம், வாரம்தோறும் வீட்டுக்கு வரலாம் என்று அவள் அம்மா எப்போதோ முடிவு செய்துவிட்டார்.

வெளிச்சம் மங்க மங்க, டிராக்டரின் விளக்குகள் எரிந்தன. வரிசை வரிசையாகக் கிழங்கு மேலே வந்தது. எலோடி தன்னையறியாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

"ஆல்டன்வுட்டா?" என்று கொரின் கேட்டாள்.

எலோடி தலையாட்டினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

கொரின் டிராக்டர் பக்கம் பார்த்தாள். அவள் அம்மாவின் முதுகு அசையாமல் நேராக இருந்தது. மெஷின் இரைச்சலில் அங்கே எதுவும் கேட்காது. ஆனாலும் அவள் பெல்ட்டின் மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் அதைத்தான் போட்டிருக்கேன். முன்னாடியே போடற அதே வகைல. என் பங்குக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. எங்கம்மாவுக்குத் தெரியாது."

எலோடியின் பாட்டு நின்றது. அந்தச் சின்னக் கல்லூரி, இந்த ஆற்றோரப் பள்ளிக்கூடம். இங்கிருந்து ஒருத்தியை எடுத்தாலே பெரிது. இரண்டு பேரை எடுப்பார்களா? இரண்டு பேருக்கும் பரிந்துரை எழுத வேண்டியது ஒரே கை, கொரினின் அம்மாவின் கை.

ஒரு கல் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். கொரின் அதை எடுத்து எறியவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"உங்கப்பாவை மடக்கவே முடியாதுன்னு ஊரே சொல்லும்" என்றாள். "எப்படி மடக்கின? எனக்கும் சொல்லிக் குடு. எங்கம்மா திங்கட்கிழமைக்குள்ள போடணும்."

வரிசை முடிந்து டிராக்டர் திரும்பியது. அதன் விளக்கு இருவர் முகத்திலும் அடித்தது. மேலே உட்கார்ந்திருந்த மிஸஸ் கோட்ரோ, எலோடியைப் பார்த்துச் சிரித்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.